பீரோவில் துப்பாக்கி வைக்கலாமா?

தற்காப்புக்கு ஆயுதம் வைத்துக்கொள்வது பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த முறை பதில்.

பல்லடம், தோட்டத்து விவசாயி: நானும் என் வீட்டம்மாவும் மட்டும்தான் தோட்டத்து வீட்டில். பிள்ளைகள் வெளியூரில். சேமலைக்கவுண்டம்பாளையத்துக்குப் பிறகு ராத்திரி கண் மூட முடியவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அரசாங்கம் துப்பாக்கி கொடுத்தால் என்ன ஐயா?

உங்கள் பயத்தில் துளியும் மிகையில்லை. 2024 நவம்பரில் அங்கே தாய், தகப்பன், மகன் மூவரையும் கொன்றார்கள். அடுத்த ஆண்டே சிவகிரிப் பக்கம் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த முதிய தம்பதியைக் கொன்றார்கள். இதற்குப் பிறகு துப்பாக்கி கேட்கிறவரைப் பார்த்து, இவர் ஏன் இப்படிக் கேட்கிறார் என்று எவரும் புருவம் உயர்த்தக் கூடாது.

ஆனால் அந்த ராத்திரியை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். நாள், நேரம், எந்த வாசல் என்பதெல்லாம் வருகிறவன் முடிவு செய்வது. நீங்கள் தூக்கத்தில் இருப்பீர்கள். அல்லது நாய் ஏன் குரைக்கிறது என்று வெறுங்கையோடு தாழ்ப்பாளைத் திறப்பீர்கள். துப்பாக்கி பூட்டிய பீரோவில் இருக்கும். 1983-ல் டென்னிஸ் டூலர் என்ற அமெரிக்கப் போலீஸ் பயிற்சியாளர் இதை நேரம் வைத்துப் பார்த்தார். கத்தியோடு ஓடி வருகிறவன் 21 அடியைக் கடக்க ஒன்றரை வினாடி போதும். பயிற்சி பெற்ற போலீஸ்காரர், இடுப்பில் இருக்கும் துப்பாக்கியை உருவிச் சுடுவதற்கும் ஏறக்குறைய அதே ஒன்றரை வினாடி ஆகிறது. விழிப்போடு நிற்கிறவருக்கே இப்படி என்றால், அறுபத்தைந்து வயதில் கட்டிலை விட்டு எழுந்து இருட்டில் சாவி தேடுகிறவரின் நிலையை யோசியுங்கள்.

அந்த ராத்திரி உங்கள் வாழ்நாளில் வராமலே போகலாம். துப்பாக்கியோ வருஷம் முழுக்க வீட்டில் இருக்கும். வரப்புத் தகராறு முற்றிய நாளிலும் இருக்கும், பங்காளி வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி பேசும் நாளிலும் இருக்கும், பரீட்சை லீவுக்கு வந்த பேரன் பீரோவைக் குடையும் நாளிலும் இருக்கும். இன்னொன்று: தோட்டத்து வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தால், நகை தேடி வருகிறவன் அதையும் தேடி வருவான்.

நீங்கள் விடாமல் கேட்க வேண்டியது ராத்திரி ரோந்து. உங்கள் தோட்டத்து முனையில் ஒரு நோட்டு மாட்டி, ரோந்து வரும் போலீஸார் நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும் என்று எஸ்.பி.யிடம் மனு கொடுங்கள். நாலு தோட்டத்துக்கும் சேர்த்து ஒரு சைரன் போடுங்கள். சுவிட்ச் ஒவ்வொரு வீட்டுக் கட்டில் தலைமாட்டிலும் இருக்கட்டும். தோட்டத்துச் சாலை சந்திப்பில் கேமரா கேளுங்கள். கொடுக்காவிட்டால் மறியல் செய்யுங்கள். காவல் என்பது அரசு நமக்குப் பட்டிருக்கும் கடன். கையில் ஒரு துப்பாக்கியைத் திணித்துவிட்டு அந்தக் கடன் தீர்ந்தது என்று அது கணக்கை மூட விடக் கூடாது.

ஒட்டன்சத்திரம்: ஆயுதம் வேண்டாம் என்கிறீர்கள். வெறுங்கையோடு சாகச் சொல்கிறீர்களா?

இல்லை. 2019 ஆகஸ்டில் கடையம் பக்கம் கல்யாணிபுரத்தில் நடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரவு நேரம், தோட்டத்து வீட்டுத் திண்ணையில் பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். முகமூடி போட்டவன் பின்னாலிருந்து துண்டை வீசிக் கழுத்தை இறுக்குகிறான். சத்தம் கேட்டு வெளியே வந்த மனைவி ஒரு கணமும் நிற்கவில்லை. காலடியில் கிடந்த செருப்பை எடுத்து வீசுகிறார், அடுத்து பிளாஸ்டிக் நாற்காலி. பெரியவர் உதறிக்கொண்டு எழுந்து தானும் நாற்காலியைத் தூக்குகிறார். இன்னொருவன் கையில் அரிவாள். இருவருமாகக் கையில் கிடைத்ததையெல்லாம் எறிந்து, கத்திக் கூச்சல் போட்டு இரண்டு பேரையும் விரட்டினார்கள். அரசு அந்தச் சுதந்திர தின விழாவில் விருது கொடுத்தது.

அந்த அம்மாவுக்குக் கையில் காயம் பட்டது, கழுத்துச் சங்கிலியும் போனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எல்லோருக்கும் இப்படி முடியும் என்று நான் உறுதி தர மாட்டேன். ஆனால் அவர்களைக் காப்பாற்றியது என்ன என்று கவனியுங்கள். இருவர் இருந்தார்கள். சத்தம் போட்டார்கள். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததை எடுத்தார்கள். உரிமம் வாங்கிய துப்பாக்கி இருந்திருந்தாலும் அந்த நிமிடம் திண்ணையில் இருந்திருக்காது.

சென்னை, குரோம்பேட்டை: துப்பாக்கி உரிமம் யாரிடம் கேட்க வேண்டும்? சுலபமா?

மாநகரம் என்றால் காவல் ஆணையர், மற்ற இடங்களில் கலெக்டர். வயது 21 ஆகியிருக்க வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு. ஆயுதத்தைக் கையாளப் பயிற்சி பெற்ற சான்றும், பத்திரமாக வைக்க இடம் இருக்கிறது என்ற உறுதியும் 2016 ஆயுத விதிகள் கேட்கும். 2019-ல் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் மூன்று வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தார்கள். கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை என்பதும் அதே திருத்தத்தில் வந்ததுதான்.

சுலபமில்லை. உங்களுக்கென்று தனியாக என்ன ஆபத்து என்று அதிகாரி கேட்பார். "நாடு கெட்டுக் கிடக்கிறது" என்பது பதிலாகாது. அந்தக் கண்டிப்பு அப்படியே இருக்கட்டும் என்பேன்.

பாளையங்கோட்டை: வண்டியில் ஒரு அரிவாள் வைத்துக்கொண்டால் தப்பா?

தென்னைக்கும் வாழைக்கும் போகிற அரிவாளை யாரும் தடுக்கவில்லை. விவசாயக் கருவிக்கு ஆயுதச் சட்டத்தில் விலக்கு உண்டு. அந்த விலக்கில் சேராத வெட்டுக் கருவி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் ஆயுதப் பட்டியலில் ஏறிவிடும். சீட்டுக்கடியில் செருகிய வீச்சரிவாளை "தேங்காய் வெட்ட" என்று சொன்னால் எந்த இன்ஸ்பெக்டரும் நம்ப மாட்டார். 2021-ல் தமிழகக் காவல்துறை அரிவாள் பட்டறைகளிடம், வாங்குகிறவர் பெயர், முகவரி, எதற்கு வாங்குகிறார் என்பதை எழுதி வைக்கச் சொன்னது.

சட்டத்தை விடுங்கள். உங்கள் மாவட்டத்தில் எத்தனை பையன்கள் "சும்மா ஒரு பாதுகாப்புக்கு" என்று அரிவாளைச் செருகிக்கொண்டு போய், பஸ் ஸ்டாண்டில் ஒரு முறைப்புக்கு அதை உருவி, இன்று பாளை மத்தியச் சிறையில் இருக்கிறார்கள்? செத்தவன் வீட்டிலும் இழவு, வெட்டியவன் வீட்டிலும் இழவு.

தஞ்சாவூர்: திருடனை அடித்தால் நம் மேலேயே கேஸ் போடுகிறார்களாமே? பிறகு எந்தத் தைரியத்தில் எதிர்ப்பது?

இந்தப் புரளியால்தான் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். தற்காப்பு உரிமை இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. உங்கள் உடலை மட்டுமல்ல, அடுத்தவர் உடலையும் சொத்தையும் காக்கவும் நீங்கள் திருப்பி அடிக்கலாம். கொலைக்கோ கொடுங்காயத்துக்கோ வருகிறவன், பலாத்காரம் செய்ய வருகிறவன், கடத்துகிறவன், ஆசிட் வீசுகிறவன் ஆகியோரைத் தடுக்கும்போது அவன் உயிரே போனாலும் அது குற்றமில்லை. கொள்ளையையும், சூரியன் மறைந்த பிறகு வீடு புகுவதையும் தடுப்பதற்கும் அந்த அளவு உரிமை உண்டு.

எல்லை எங்கே? தேவைக்கு மேல் போகக் கூடாது. ஆபத்து முடிந்த கணம் உரிமையும் முடிகிறது. கை ஓங்கி வருகிறவனை அடிக்கலாம். எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுகிறவனைத் துரத்தி வெட்டக் கூடாது. பிடிபட்டவனைக் கரண்ட் கம்பத்தில் கட்டி ஊரே அடிக்கிறதே, அது தற்காப்பே இல்லை, கொலை. அதே சமயம், உயிருக்குப் போராடுகிறவர் தராசு வைத்து அளந்து அடிக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்காது. தர்ஷன் சிங் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. புறமுதுகிட்டு ஓட வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை.

இதெல்லாம் ஏட்டில் மட்டும் இருப்பதில்லை. 2012-ல் மதுரையில், தன் மகளிடமே தவறாக நடக்க முயன்ற கணவனை ஒரு தாய் கிரிக்கெட் மட்டையால் அடித்தார், அவன் இறந்தான். காவல்துறை அதைத் தற்காப்பு என்று ஏற்று அவரை விடுவித்தது. 2021 ஜனவரியில் சோழவரம் பக்கம், கத்தியோடு வந்து பலாத்காரம் செய்ய முயன்ற உறவுக்காரனை ஒரு இளம்பெண் அவன் கத்தியாலேயே குத்த, அவன் இறந்தான். அந்தப் பெண்ணையும் சிறைக்கு அனுப்பவில்லை. விசாரணை இருக்கும். ஒரு உயிர் போன இடத்தில் விசாரணை இல்லையென்றால்தான் நாம் பயப்பட வேண்டும். அப்படி ஏதும் நடந்தால் உடனே 112-க்கு அழையுங்கள், எதையும் கழுவவோ நகர்த்தவோ வேண்டாம், நடந்ததை அப்படியே சொல்லுங்கள்.

மட்டையும் சரி, பிடுங்கிய கத்தியும் சரி, தற்காப்புக்கென்று யாரும் கடைக்குப் போய் வாங்கி வைத்தவை இல்லை. இந்தச் சட்டம் உங்கள் பக்கம் நிற்பதற்கு நீங்கள் ஆயுததாரியாக இருக்கத் தேவையில்லை.

கோவை, கல்லூரி மாணவி: பெப்பர் ஸ்ப்ரே வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. இந்தியாவில் உரிமம் தேவையில்லை. (இங்கிலாந்தில் அதுவே தடை செய்யப்பட்ட ஆயுதம், அங்கே படிக்கப் போனால் பெட்டியில் வைத்து விடாதே அம்மா.) விமானத்தில் கைப்பையில் வைக்க விட மாட்டார்கள்.

மூடிய இடத்தில் அடிக்காதே. 2014 பிப்ரவரி 13 அன்று தெலங்கானா மசோதா நேரத்தில் ஒரு எம்.பி. மக்களவைக்குள் அதை அடித்தார். அவ்வளவு பெரிய மண்டபத்திலேயே உறுப்பினர்கள் இருமி, கண்ணைக் கசக்கி, சிலரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்படி ஆயிற்று. லிஃப்டிலோ ஆட்டோவிலோ அடித்தால் முதலில் உன் கண்தான் போகும். காலாவதித் தேதி பார். பையின் அடியில் புத்தகத்துக்குக் கீழே கிடந்தால் பிரயோஜனமில்லை. ஆளில்லாத தெருவில் நடக்கும்போது கையில் இருக்கட்டும். காற்று உன் முகத்துக்கு வருகிறதா என்று பழகிப் பார். அடித்த பிறகு அங்கே நிற்காதே, ஓடு.

திருச்சி: பெண்களுக்கென்றே துப்பாக்கி செய்தார்களே, அது என்ன ஆயிற்று?

'நிர்பீக்' ரிவால்வர். டெல்லியில் 2012-ல் ஓடும் பஸ்ஸில் ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு, 2014-ல் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை செய்தது. எடை அரைக் கிலோ, கைப்பையில் அடங்கும். அப்போது விலை 1.22 லட்சம் ரூபாய். டெல்லியில் அன்று பஸ்ஸுக்குக் காத்து நின்ற பெண்ணைப் போன்றவர்களால் வாங்கக்கூடிய விலையா?

விலையை விடப் பெரிய பிரச்சினை வேறு. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் தரும் கணக்கில், பலாத்கார வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் குற்றவாளி அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன். சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னவன், மேலதிகாரி. அவனுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருக்கும்போது கைப்பைத் துப்பாக்கி எந்த உதவிக்கு வரும்? அவன் முதன்முதலில் அத்துமீறிய அன்று அவள் வாய் திறந்து சொன்னால் வீடு நம்புமா, அலுவலகம் நம்புமா, போலீஸ் ஸ்டேஷன் அவளை உட்கார வைத்து எழுதிக்கொள்ளுமா என்பதுதான் அவளுடைய பாதுகாப்பு.

சேலம்: அமெரிக்காவில் ஆளுக்கொரு துப்பாக்கி. கொள்ளைக்காரனை வீட்டுக்காரர் சுட்டு வீழ்த்தும் வீடியோ தினமும் வருகிறதே!

வருகிறது, பலவும் உண்மைதான். வீடியோவில் வராததையும் பாருங்கள்.

1992 அக்டோபர் 17. லூசியானா மாநிலம், பேட்டன் ரூஜ் நகரம். யோஷிஹிரோ ஹட்டோரி என்ற ஜப்பானியப் பையன், வயது 16, மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் படிக்க வந்தவன். ஹாலோவீன் விருந்து. வெள்ளைக் கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு, தங்கியிருந்த வீட்டுப் பையனோடு புறப்பட்டான். விருந்து நடந்த வீடும் அதே தெருதான். கதவிலக்கத்தில் எண்கள் இடம் மாறிப்போனதால் வேறு வீட்டு மணியை அழுத்திவிட்டார்கள். எட்டிப் பார்த்த அம்மாள் பயந்து கதவைச் சாத்தி, துப்பாக்கியை எடுங்கள் என்று கணவரிடம் கத்தினார். பையன்கள் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தார்கள். கதவு மறுபடி திறந்தது. நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, விருந்துக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே ஹட்டோரி சிரித்த முகத்தோடு முன்னே வந்தான். நில் என்று அவர் போட்ட சத்தம் அவனுக்கு விளங்கவில்லை. நெஞ்சில் ஒரே குண்டு. கையில் இருந்தது கேமரா.

சுட்டவர் கொலைகாரர் இல்லை. பயந்துபோன ஒரு வீட்டுக்காரர். ஜூரி அவரை விடுதலை செய்தது. மகனைப் பறிகொடுத்த பெற்றோர் ஜப்பானில் 17 லட்சம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய் அதிபர் கிளின்டனைச் சந்தித்தார்கள். அந்த வீட்டில் துப்பாக்கி இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும்? கதவைச் சாத்திக்கொண்டு போலீஸுக்குப் போன் செய்திருப்பார்கள். பையன்கள் நாலு வீடு தள்ளிப் போய் ஆடியிருப்பார்கள்.

அந்த நாட்டில் 2021-ல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல், 26,328 பேர், தற்கொலை. திருடனுக்கென்று வாங்கி வைத்தது, மனம் உடைந்த ஒரு மாலையில் வீட்டு மனிதரின் கைக்கே எட்டிவிடுகிறது. கைக்கெட்டும் தூரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இலங்கையே சாட்சி. கொடிய பூச்சிக்கொல்லிகளை 1995 முதல் வரிசையாகத் தடை செய்தார்கள். தற்கொலை விகிதம் இருபது ஆண்டில் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. மனிதர்களின் துயரம் குறைந்து அப்படி ஆகவில்லை. அந்த நேரத்தில் எமன் கைக்கெட்டவில்லை, அவ்வளவே.

சிவகாசி: சுவிட்சர்லாந்தில் வீட்டுக்கு வீடு ராணுவத் துப்பாக்கி, குற்றமே இல்லையே?

அவை ராணுவப் பயிற்சி பெற்றவர்களின் துப்பாக்கிகள். 2007-ல் முடிவெடுத்துத் தோட்டாக்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். தெருவில் எடுத்துப் போவதற்குத் தனி அனுமதி, அது எளிதில் கிடைக்காது. 2003-ல் படையைப் பாதியாகக் குறைத்து வீடுகளில் துப்பாக்கி குறைந்தபோது, படையில் சேரும் வயது ஆண்களின் தற்கொலையும் குறைந்தது.

உதகமண்டலம்: பக்கத்தில் குடகுக்காரர்களுக்கு உரிமமே வேண்டாமாமே, நமக்கு மட்டும் ஏன்?

உண்மைதான். கொடவர்களுக்கும் ஜம்மா என்னும் பரம்பரை நிலம் உடையவர்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்து விலக்கு. 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள், கர்நாடக உயர் நீதிமன்றமும் 2021-ல் அதை ஏற்றது. அங்கே துப்பாக்கி குலச்சின்னம். ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி, ஆள் இறந்தால் இரண்டு. கைல்போது பண்டிகையில் பூ வைத்துப் பூஜை. திருடனுக்குப் பயந்து அவர்கள் அதை வைத்திருக்கவில்லை. பரம்பரையாக ஊர்க் கட்டுப்பாட்டோடு வந்ததைப் பயத்தில் இருக்கும் நகரத்துக்குத் தூக்கி வந்தால், துப்பாக்கி மட்டும்தான் வரும், கட்டுப்பாடு வராது.

சிவகங்கை: நம்மை நிராயுதபாணி ஆக்கியது வெள்ளைக்காரன்தானே? சுதந்திரம் வந்த பிறகும் அதே சட்டமா?

உங்கள் கோபம் நியாயமானது, உங்கள் மண்ணில் இருந்தே வருவது. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு, 1801 டிசம்பர் 1 அன்று கம்பெனி அரசு பிரகடனம் போட்டுப் பாளையக் கோட்டைகளை இடித்து ஆயுதங்களைப் பறித்தது. 1878-ல் வைஸ்ராய் லிட்டன் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமம் வேண்டும் என்றது, ஐரோப்பியருக்கு விலக்குக் கொடுத்தது. அந்த அவமானத்தைக் காங்கிரஸ் மறக்கவில்லை. 1931 கராச்சித் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது.

பிறகு நடந்ததைப் பலர் சொல்வதில்லை. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அந்த உரிமையை அடிப்படை உரிமைகளில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை, சபை நிராகரித்தது. ஒன்றுகூடும் உரிமையைத் தரும் 19-ஆம் பிரிவிலேயே "ஆயுதமின்றி" என்று எழுதி வைத்தார்கள். எழுதியவர்கள் பிரிவினைக் கலவரத்தின் ரத்தம் காயாத நேரத்தில், காந்தி மூன்று குண்டு பட்டுச் செத்த அதே ஆண்டில் உட்கார்ந்திருந்தவர்கள். வெள்ளைக்காரன் நமக்குப் பயந்து பறித்தான். இவர்கள் நாம் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வோம் என்று கவலைப்பட்டுக் கட்டுப்படுத்தினார்கள். இரண்டையும் ஒன்றாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

விழுப்புரம் மாவட்டம், பட்டதாரி இளைஞர்: எங்கள் குடியிருப்பைக் கொளுத்த வருகிறார்கள் என்றால் போலீஸ் வருவது எரிந்த பிறகுதான். எங்களுக்கும் "ஆயுதம் வேண்டாம்" என்பீர்களா?

இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தேன். ஆயுதத்துக்கு ஆதரவான வாதங்களில் வலுவானது உங்களுடையது. சட்டமே அதை ஒப்புக்கொண்டிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995, மூன்றாம் விதியைப் படியுங்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதி என்று அடையாளம் கண்ட இடத்தில், பட்டியலினத்தவர் அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை அரசு ரத்து செய்யலாம், கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும், தேவையென்றால் பட்டியலின மக்களுக்கு உரிமம் வழங்கலாம். உங்கள் கலெக்டரிடம் இந்த விதியின் பெயரைச் சொல்லியே மனு கொடுங்கள்.

ஆனால் அந்த வரிசையில் முதலில் இருப்பதை முதலில் கேளுங்கள் தம்பி: அடிக்கிறவர்களிடம் இருப்பதைப் பிடுங்கு. 1968-ல் கீழவெண்மணியில் துப்பாக்கி பண்ணையார் பக்கம் இருந்தது. குடிசைக்குள் எரிந்தவர்கள் 44 பேர். உரிமத்தை எளிதாக்கினால் நாளைக் காலை கலெக்டர் அலுவலக வரிசையில் முதலில் நிற்பது பணமும் ஆள்பலமும் உள்ளவர்கள்தான். உங்கள் தெருவுக்கு ஒன்று வந்தால் அந்தத் தெருவுக்குப் பத்து வரும். 1997-ல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் மதுரை கலெக்டர் அலுவலகம் போய்விட்டுத் திரும்பும் வழியில், பஸ்ஸை மறித்த கும்பல் அவரையும் உடனிருந்தவர்களையும் வெட்டிக் கொன்றது. அத்தனை பேருக்கு நடுவில் அவர் இடுப்பில் ஒரு ரிவால்வர் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? அந்த பஸ்ஸில் நாலு போலீஸ்காரர்கள் இருந்திருந்தால் பிழைத்திருப்பார். ஊரே மிரட்டுகிறது என்று தெரிந்த ஒரு தலைவரைத் தனியாக விட்டார்களே, அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

மதுரை: காஷ்மீர் கிராமங்களில் அரசே துப்பாக்கி கொடுத்திருக்கிறதே?

1995-ல் தோடா மலைப் பகுதியில் கிராமப் பாதுகாப்புக் குழுக்கள் தொடங்கின. ராணுவம் ஏறி வருவதற்குள் ஊரே முடிந்துவிடும் தூரம். வேறு வழி இல்லை என்பதை நான் ஏற்கிறேன். அங்கும் அது போலீஸ் கணக்கில் உள்ள ஆயுதம், தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று உறுப்பினர்கள் மேல் வழக்குகளும் உண்டு. சத்தீஸ்கரில் பழங்குடி இளைஞர்கள் கையில் ஆயுதம் கொடுத்து மாவோயிஸ்டுகளோடு மோத விட்டதை 2011-ல் உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. மணிப்பூரில் 2023 இனக் கலவரத்தில் ஆயுதக் கிடங்குகளிலிருந்து சுமார் 6,000 துப்பாக்கிகள் ஊருக்குள் போயின. இரண்டு பக்கமும் "எங்கள் கிராமத்தைக் காக்கிறோம்" என்றுதான் சொன்னார்கள்.

ஓசூர்: ராகியைக் காட்டுப்பன்றி விடுவதில்லை. துப்பாக்கி இல்லையென்றால் கரண்ட் வேலிதான்.

கரண்ட் வேலி வேண்டவே வேண்டாம். பன்றிக்கு வைத்த கம்பியில் யானை செத்திருக்கிறது, ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போன மனிதனும் செத்திருக்கிறான். எதிரே வருவது யார் என்று பார்க்காத ஆயுதம் அது, தீனிக்குள் வெடி வைக்கும் அவுட்டுக்காயும் அப்படியே. பயிர்ப் பாதுகாப்புக்கென்று நாட்டு வெடிமருந்துத் துப்பாக்கிக்கு உரிமம் தர ஆயுதச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் பன்றியைச் சுட வனத்துறை அனுமதி தனி. 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறைப் பணியாளர்களே சுடலாம் என்று அறிவித்தது. உங்கள் வனச்சரகரை அதைச் செய்ய வையுங்கள், சேதத்துக்கு இழப்பீடும் கேளுங்கள்.

காரைக்குடி: சீக்கியருக்குக் கிர்பான் மட்டும் எப்படி?

அரசியல் சட்டம் 25-ஆம் பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது. அது அவர்கள் மத அடையாளம்.

நாகர்கோவில்: தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கியையும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்களே?

ஊர் சூடாகும் நேரத்தில் நல்லவர் கைத் துப்பாக்கியும் ஆபத்து என்று அரசுக்கே தெரியும் என்பதால்.

ஊர் பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கும் சகோதரி: என் வீட்டுக்காரர் தொழில் போட்டியைக் காரணம் காட்டித் துப்பாக்கி உரிமத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார். தினமும் குடிப்பார். குடித்தால் கை நீட்டுவார். நான் என்ன செய்ய?

மற்ற கடிதங்களுக்கு ஒரு வாரம் தாமதித்தால் பரவாயில்லை, உங்களுக்குத் தாமதிக்க முடியாது.

கலிஃபோர்னியாவில் 1.76 கோடி பேரை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2022-ல் வெளியானது. கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர்கள், தம் துணையின் கையாலேயே வீட்டில் சுடப்பட்டுச் சாகும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிட ஏழு மடங்கு. அப்படிச் செத்தவர்களில் நூற்றுக்கு 84 பேர் பெண்கள். உங்களை மிரட்ட இதைச் சொல்லவில்லை. உங்கள் உள்ளுணர்வு சரியென்று சொல்கிறேன்.

ஆயுதச் சட்டம் 14-ஆம் பிரிவின்படி, தகுதியற்றவர் என்றோ பொதுப் பாதுகாப்புக்குக் கேடு என்றோ கருதினால் அதிகாரி உரிமத்தை மறுக்க வேண்டும். கொடுத்த பிறகும் 17-ஆம் பிரிவில் ரத்து செய்யலாம். மனைவியின் எழுத்து மூலமான எதிர்ப்பு கோப்பில் இருந்தால், விசாரிக்கும் போலீஸ் அதிகாரி அதைத் தாண்டிப் போவது கடினம். மனுவைக் கலெக்டர் பெயருக்கு எழுதுங்கள் (மாநகரம் என்றால் காவல் ஆணையர் பெயருக்கு). எந்தெந்தத் தேதியில் அடித்தார், எந்த ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள்; சீட்டு இருந்தால் நகல் வையுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் நேரில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஒரு நகல் எஸ்.பி. அலுவலகத்துக்கு. உங்கள் பெயர் கணவருக்குத் தெரியாமல் விசாரிக்கும்படி அதிலேயே கேளுங்கள். கலெக்டர் அலுவலகத்துக்கு ஒரு நம்பிக்கையான பெண்ணைத் துணைக்கு அழைத்துப் போங்கள்.

அதற்கு முன், இன்றே 181-க்குப் பேசுங்கள். பெண்களுக்கான உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள். உங்கள் மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் யார், எங்கே இருக்கிறார் என்று அவர்கள் சொல்வார்கள். குழந்தைகளின் பிறப்புச் சான்று, ஆதார், கொஞ்சம் பணம் ஆகியவற்றை அம்மா வீட்டிலோ தோழி வீட்டிலோ கொடுத்து வையுங்கள். மனு கொடுத்த பிறகு என்ன பதில் வந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பதில் வராவிட்டாலும் எழுதுங்கள்.